பயணத்துக்குக் கத்தி தெரிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவுக்கோ, கசூரினாக் கடற்கரைக்கோ, மணல்காட்டுச் சவுக்கந்தோப்புக்கோ சமைத்துச் சாப்பிடப் புறப்படுகிறவர்கள் அரிசி, மீன், தண்ணீர்க் கான் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து வாகனத்தில் ஏற்றுவார்கள். கத்தி மட்டும் கடைசி நேரத்தில் குசினியில் கையில் அகப்பட்டதாக இருக்கும். வேறு சிலர் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, பெட்டி நிறையக் கத்தி வாங்கி வைத்திருப்பார்கள். இரண்டு கூட்டமும் விடுவது ஒரே பிழைதான்: அங்கே என்னென்ன வெட்ட வேண்டி வரும் என்று யோசிக்கவில்லை.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மீன் செதில் எடுத்துத் துண்டு போடுவது, கணவாய், நண்டு, இறால் துப்பரவாக்குவது, கூழுக்கு மரவள்ளியும் பயிற்றங்காயும் நறுக்குவது, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய், இளநீர் சீவுவது, விறகைச் சிறிதாக்குவது, தறப்பாள் கட்டக் கயிறு அறுப்பது, பைக்கற் உடைப்பது. இதில் பெரிய கத்தி கேட்பவை இளநீரும் விறகும்தான். மீதி எல்லாம் நாலு முதல் ஆறு அங்குல அலகுக்கும் ஒரு நல்ல கத்திரிக்கோலுக்கும் உரிய வேலை. ஆகவே பத்துப் பதினைந்து பேர் போகும் பயணத்துக்கு இளநீரும் விறகும் வெட்ட ஒரு கொடுவாக்கத்தி, மீனுக்கு ஒரு கத்தி, மரக்கறிக்கு ஒரு கத்தி, கத்திரிக்கோல், மரம் அரியச் சிறு கைவாள், தீட்ட அரமும் கல்லும் இருந்தால் போதும். வெட்டும் கருவிகள் ஐந்துக்கு மேல் போனால் எது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும். மணலில் கிடக்கும் கத்தியில் யாராவது கால் வைப்பது அப்படித்தான்.

பெட்டியாக விற்கும் பன்னிரண்டு துண்டுச் செற்றை வாங்காதீர்கள். அதே காசுக்கு இரண்டு நல்ல கத்தி வரும். செற்றில் வருபவை பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீற்றர் தகட்டில் வெட்டி எடுத்தவை, பிடிக்குள் போகும் இரும்பு வால் கட்டைவிரல் நீளம்கூட இராது. பாறை மீனின் தலையைப் பிளக்க அழுத்தினால் பிடிக்குள்ளேயே ஆடத் தொடங்கிவிடும். இதைவிட மோசமானது பிடி குழாயாக இருந்து, அதற்குள் தூண்டிலும் தீக்குச்சியும், மூடியில் திசைகாட்டியும் வைத்து விற்கும் கத்தி. அதில் அலகு முடிந்து குழாய் தொடங்கும் இடம்தான் அடி முழுவதையும் வாங்குகிறது. அந்த இடத்தில் இரும்பும் குறைவு. கொத்தும்போது அங்கே முறிந்தால், அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

கொடுவாக்கத்தியைக் கம்மாலையில் சொல்லிச் செய்விப்பதே நல்லது. ஆனால் கொல்லரிடம் "ஒரு கத்தி வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது பிழை. என்ன இரும்பு என்று கேளுங்கள். பழைய லொறி வில்லுத்தகடு சிறந்தது. அதில் கரிச்சத்து ஏறத்தாழ 0.6 சதவீதம் இருக்கும். தோய்ச்சல் கொடுத்தால், அதாவது காய்ச்சித் தோய்த்து இறுக்கினால், கூர் நிற்கும், அடியும் தாங்கும். கட்டடக் கம்பியிலோ சாதாரணத் தகட்டிலோ அடித்த கத்தி பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், இரண்டாவது இளநீரில் கூர் மடங்கிவிடும். அலகு பத்து முதல் பன்னிரண்டு அங்குலம், முதுகு நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பு, மொத்த நிறை 500 முதல் 700 கிராம் என்று அளவும் சொல்லுங்கள். பாரம் கூடினால் நன்றாக வெட்டும் என்று ஒரு கிலோவுக்குச் செய்விப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் விறகு கொத்துகிறவரின் கைக்கு அது பொருந்தும். வருடத்தில் இரண்டு முறை தூக்குகிறவருக்கு ஐந்தாவது வெட்டிலேயே மணிக்கட்டுத் தளர்ந்து, குறி தவறும்.

எடுக்கும்போது நாலு சோதனை. கூர்ப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு இருக்கிறதா பாருங்கள். பிடியைத் தளர்வாகப் பிடித்து அலகில் விரலால் சுண்டுங்கள். சத்தம் தெளிவாக வராமல் அடைத்துக் கேட்டால் வெடிப்போ, பிடித் தளர்வோ இருக்கலாம். கூரோரத்தில் அரத்தை மெதுவாக ஒருமுறை தள்ளுங்கள். ஆணியில் போல ஆழமாகக் கடித்தால் தோய்ச்சல் காணாது. கண்ணாடியில் போல வழுக்கினால் கூடிப்போயிற்று, அந்தக் கத்தி கடினமான கணுவில் பட்டால் பல்லு விழும். கொஞ்சம் கடித்து, கொஞ்சம் வழுக்க வேண்டும். கடைசியாகக் காய்ந்த சிரட்டையில் மூன்று முறை கொத்திவிட்டு, கூரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூர் நல்லதென்றால் அதில் வெளிச்சம் தெறிக்காது. வெள்ளைப் புள்ளியாக மின்னும் இடம் மடங்கிய இடம், அரைவட்டமாகக் குறைந்த இடம் உடைந்த இடம். இரண்டில் எது இருந்தாலும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தோய்ச்சலைத் திருத்துவது கொல்லருக்குச் சிறு வேலைதான்.

பிடியைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. நாலு விரலும் அடங்க பத்துப் பதினொரு சென்றிமீற்றராவது நீளம் வேண்டும். உருண்டைப் பிடி ஈரக்கையில் சுழலும், நீள்வட்டப் பிடி சுழலாது. மீன் கத்தியில் இது இன்னும் முக்கியம். மீனின் வழுவழுப்பு கையில் பட்ட பின், பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு இல்லாத கத்தியைக் குத்தி அழுத்தினால், கத்தி நிற்கும், கை முன்னுக்கு வழுக்கி அலகின்மேல் போகும். சுட்டுவிரலும் நடுவிரலும் வெட்டுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். கடையில் வாங்கும்போது கையை நனைத்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது கறள், அதாவது துரு. எங்கள் பயணம் பெரும்பாலும் கடற்கரைக்கு. உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கத்தி ஒரே இரவில் மஞ்சளாகும். அதற்காக எல்லாமே கறள் பிடியாத இரும்பாக இருக்க வேண்டும் என்பதும் சரியல்ல. அந்த வகையிலும் உப்புத்தண்ணீர் காய்ந்து கிடந்தால் ஊசிமுனைக் குழிகள் விழும். மீனுக்கும் மரக்கறிக்கும் கறள் பிடியாத இரும்பு. தேசிக்காய், புளி, வெங்காயம் பட்டால் சாதாரண இரும்பு கறுத்து, சாப்பாட்டிலும் இரும்பு வாடை ஏறும். கொத்து வேலைக்கு வில்லுத்தகடு. இந்தப் பிரிவு போதும். கடற்கரையில் மீன் வெட்டிய கத்தியைக் கடல்தண்ணீரில் கழுவி உறையில் போடுவதுதான் பெரிய தவறு. நெடுந்தீவில் பல கிணறுகளில் தண்ணீர் உவர், அதுவும் உதவாது. கொண்டுபோன குடிதண்ணீரில் ஒரு குவளை எடுத்துக் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு துளி தேங்காயெண்ணெய் பூசுங்கள். வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் வைப்பதானால் தையல் மெசின் எண்ணெய் நல்லது. தேங்காயெண்ணெய் நாளாகப் பிசுபிசுத்து மணக்கும். ஆனால் மெசின் எண்ணெய் பூசிய கத்தியை அடுத்த முறை சமையலுக்கு எடுக்கும்போது சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

வில்லுக்கத்தி, அதாவது மடக்குக் கத்தி, சட்டைப்பைக்கு வசதி. அதை முழுச் சமையலுக்கும் நம்பிப் போவது பிழை. மணலும் மீன் செதிலும் மூட்டுக்குள் போனால் சரியாக மடியாது. பூட்டு இல்லாத வகையில் முனையால் குத்தித் திருகினால், அலகு விரலின் மேலேயே மடியும். சுவிற்சர்லாந்தின் விக்ரோறினொக்ஸ் கத்திகளில் பிரபலமான, மடக்கிய நீளம் 91 மில்லிமீற்றர் உள்ள வகைக்கு அலகுப் பூட்டு கிடையாது, 111 மில்லிமீற்றர் வகைக்கு உண்டு. பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் வளையத்தைத் திருகினால் பூட்டும். ஆனால் அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதும், மாரிகாலத்தில் திறக்கக் கை நோகும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லி எடுப்பியுங்கள்.

கத்திரிக்கோலை மறக்காதீர்கள். செட்டை நறுக்க, இறால் முதுகைப் பிளக்க, நண்டுக்கால் வெட்ட, பொலித்தீன் திறக்க எல்லாம் அதுதான். பிள்ளைகளின் கையில் கொடுக்கக்கூடியதும் அது ஒன்றே. இரண்டாகக் கழற்றிக் கழுவக்கூடியதாக வாங்குங்கள்.

கோடாலி வேண்டாம். கங்குமட்டை, பன்னாடை, ஊமல், பொச்சு, சிரட்டை என்று கோடாலி படாமலே எரிகிற விறகு இங்கே தாராளம். வீட்டிலிருந்து ஒரு உரப்பை ஊமல் கொண்டு போனால் ஒரு பானைக் கூழ் கொதிக்கும். மணிக்கட்டு மொத்தத்துக்குக் காய்ந்த கிளை கிடைத்தால் ஏழெட்டு அங்குலக் கைவாள் அரிந்துவிடும். மடக்குக் கைவாள்களில் பல, இழுக்கும்போதுதான் வெட்டும். தள்ளும்போது பலம் கொடுத்தால் அலகு நெளிந்து போகும். பழக்கமில்லாதவர் முதல் பத்து நிமிடத்தில் செய்வது இதுதான்.

தீட்டுவதில் நடக்கும் பிழைதான் நல்ல கத்தியைக் கெடுக்கிறது. பயணத்துக்கு முதல்நாள் மின்சாரச் சாணையில் தண்ணீர் இல்லாமல் பிடித்துக் கொண்டு வருவார்கள். பொறி பறக்கும், கூரும் வரும். ஆனால் கூரோரத்தில் மஞ்சள் தெரிந்தால் இரும்பு 220 பாகை செல்சியசை எட்டியிருக்கிறது. நீலம் என்றால் 300 வரை போயிருக்கிறது. நீலம் ஏறிய இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த மெல்லிய ஓரம் முழுவதையும் தேய்த்து நீக்கும்வரை அங்கே கூர் நிற்காது. சாணைக்காரரிடம் ஒவ்வொரு இழுவைக்கும் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள், அலகு விரலில் சுட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். சட்டி மூடி தூக்கவும் தணல் கிளறவும் கத்தியை அடுப்புக்குள் விடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

வீட்டில் தீட்டுவது கடினமில்லை. சமையல் கத்திக்கு 400 (சொரசொரப்பான பக்கம்), 1000 (மென்மையான பக்கம்) என்று இரு பக்கம் உள்ள கல். அதைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற விடுங்கள். சாய்வுதான் பலருக்குத் தவறுவது. அலகு மூன்று சென்றிமீற்றர் அகலம் என்றால், கூரைக் கல்லில் வைத்து முதுகை ஒன்பது மில்லிமீற்றர் உயர்த்துங்கள். ஏறத்தாழ 17 பாகை வரும். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் கூரோரம் முழுக்க மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்பட வேண்டும். அது வராமல் பக்கம் மாற்றினால் எத்தனை முறை தேய்த்தும் கூர் வராது. பிசிறு வந்ததும் அடுத்த பக்கம், பிறகு 1000 பக்கத்தில் பாரம் கொடுக்காமல் மாறி மாறிச் சில இழுவை. பத்திரிகைத் தாளை இழுபடாமல் வெட்டினால் முடிந்தது. கொடுவாக்கத்திக்குக் கல் வேண்டாம், எட்டு அங்குலத் தட்டை அரம் போதும். ஆறு சென்றிமீற்றர் அகல அலகில் முதுகு இரண்டரை சென்றிமீற்றர் உயரட்டும், 25 பாகை. அரத்தை ஒரே திசையில் தள்ளுங்கள், திரும்பி வரும்போது தூக்குங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் பல்லே முதலில் போகும். சமையல் கத்திபோலக் கொடுவாக்கத்தியையும் மெல்லிசாகத் தீட்டினால் முதல் மட்டையிலேயே கூர் உடையும்.

உறை இல்லாத கத்தியைப் பயணப் பையில் போடாதீர்கள். தோல் உறை கடற்கரைக்கு ஆகாது, உப்பும் ஈரமும் அதற்குள் தங்கும். இரண்டு அங்குல பீ.வீ.சீ. குழாயில் அலகைவிட ஒரு அங்குலம் கூட்டி வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் இளக விட்டு, கையுறையோடு எடுத்து இரண்டு பலகைக்கு நடுவே அலகின் தடிப்பு அளவுக்கு அழுத்தி ஆறவிட்டால் நல்ல உறை கிடைக்கும். நெருப்பில் நேரடியாகக் காட்டாதீர்கள், அந்தப் புகை கூடாது. முனையில் ஒரு துளை போட்டால் தண்ணீர் வடியும். பிடியில் சிவப்பு ரேப் சுற்றிவிட்டால் மணலிலும் இருட்டிலும் கண்ணில் படும்.

இளநீரை உள்ளங்கையில் வைத்துச் சீவுவது தொழில்காரரின் பழக்கம். நீங்கள் குற்றியில் வைத்து, பிடிக்கும் கையை வெட்டும் இடத்திலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் பலகையில் வைத்து, மற்றவர் எடுக்கட்டும்.

கொண்டு போவதிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணம் வாள்வெட்டுச் சம்பவங்கள் நடந்த மாவட்டம். இரண்டடி நீளக் கத்தியோடு மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞரைப் பொலிஸ் மறித்துக் கேட்பது இயல்பு. அலகு நீளத்தில் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், இடுப்பில் செருகாதீர்கள், உறையில் போட்டுச் சட்டி பானையோடு ஒரே பெட்டியில் கட்டுங்கள். சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். அந்த எல்லைக்குள் செடிகொடி வெட்டுவது குற்றம், ஆகவே விறகை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆழமான வெட்டு என்றால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் அந்தக் கடலைத் தாண்ட வேண்டும். ஆகையால் கத்திப் பெட்டிக்குள்ளேயே துப்பரவான கட்டுத்துணி நாலும் அகலமான பண்டேஜ் ஒன்றும் வையுங்கள். வெட்டுப்பட்டால் துணியை வைத்து, இடையில் தூக்கிப் பார்க்காமல், பத்து நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். கோப்பித்தூள், மஞ்சள் எதுவும் போட வேண்டாம், வைத்தியர் தைப்பதற்கு முன் அதை எல்லாம் கழுவி எடுக்க வேண்டி வரும். விரலை மடக்க முடியவில்லை, அல்லது விரல் நுனி மரத்துவிட்டது என்றால் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். இரத்தம் நின்றுவிட்டாலும் அடுத்த படகிலேயே புறப்படுங்கள். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று வைத்தியசாலையில் கேட்பார்கள்.