பயணக் காப்புறுதிப் பத்திரத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பயணக் காப்புறுதி வாங்கும்போது, மருத்துவச் செலவுக்கு எத்தனை லட்சம் வெள்ளி என்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் பார்க்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. பணம் கைக்கு வருமா என்பதைத் தீர்மானிப்பவை பத்திரத்தின் சொல் விளக்கப் பகுதியும், எவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்று கூறும் விலக்குப் பகுதியும்தான். ஆகவே அவ்விரண்டையும் முதலில் படிப்பது நல்லது.

முதலில் தேட வேண்டியது, ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றிய விளக்கம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் தாயாரைத் திருச்சிக்கு அழைத்துச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருக்குப் பக்கவாதம் வந்தால், அது பழைய நோயின் தொடர்ச்சி என்று கூறி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். நோய் கட்டுக்குள் இருந்தது என்ற வாதம் பல பத்திரங்களில் எடுபடாது. இத்தகைய நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் சிங்கப்பூரில் விற்கப்படுகின்றன. கட்டணம் கூடுதல்தான் என்றாலும், முதியவர்களுடன் செல்வோர் அவற்றையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது.

நோயாளியை விமானத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் செலவு, மருத்துவமனைக் கட்டணத்தையே மிஞ்சிவிடக்கூடும். இந்த ஏற்பாட்டை நிறுவனத்தின் அவசர உதவிப் பிரிவின் வழியாகவே செய்ய வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதன் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணை உடன் வருவோர் அனைவரும் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

பயணத்தை ரத்து செய்வதற்கான பாதுகாப்பு, பொதுவாகக் காப்புறுதி வாங்கிய பிறகே தொடங்குகிறது என்பதால், பயணச்சீட்டு எடுத்த கையோடு அதையும் வாங்கிவிடுங்கள். 2024 நவம்பரில் இந்தோனேசியாவின் லெவோடோபி எரிமலை வெடித்ததால் பாலிக்கான விமானங்கள் பல ரத்தாயின. செய்தி வெளிவந்த பிறகு வாங்கிய காப்புறுதி, முன்பே தெரிந்த நிகழ்வு என்ற விலக்கில் சிக்கிக்கொள்ளும். உறவினரின் நோய் அல்லது மரணத்தால் பயணம் தடைப்பட்டால், ‘குடும்ப உறுப்பினர்’ என்பதற்கான விளக்கம் முக்கியமாகிறது. மாமனாரும் மாமியாரும் அதில் பெரும்பாலும் இருப்பார்கள். சித்தப்பாவும் அத்தையும் இருப்பார்களா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணப்பெட்டிக்குப் பெரிய தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும், ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உள்வரம்பும், பொருள் பழசானதற்காகக் குறைக்கப்படும் தேய்மானக் கழிவும் உண்டு. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நகையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பவே கூடாது. அது தொலைந்தால் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்துமூலம் அறிக்கை பெற வேண்டும். திருட்டென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைப் புகார் வேண்டுமெனப் பல பத்திரங்கள் கேட்கின்றன. விமானத் தாமதத்துக்கும், காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிடும் கடிதம் தேவை.

ஊரில் மாதக்கணக்கில் தங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆண்டுக் காப்புறுதியில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்ற வரம்பு உண்டு, 90 நாள் என்பது பரவலாகக் காணப்படும் அளவு.

கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் இறுதிப் பதிலும் நியாயமற்றதாகத் தோன்றினால், ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தில் 6 மாதத்துக்குள் முறையிடலாம்.