பரணில் படப்பெட்டி கிடைத்தால்

தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் நான். இப்போதும் யாராவது போன் செய்து, "அண்ணே, தாத்தா காலத்துப் படப்பெட்டி ஒன்னு கிடக்கு, ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்பார்கள். ஓட்டவே கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய பிலிம் வருடக்கணக்கில் கிடந்து சுருங்கியிருக்கும். ஒரு சதவீதம் சுருங்கினாலே அதன் ஓட்டைகள் புரொஜெக்டரின் பல்சக்கரத்தில் சரியாக உட்காராது. ஒரே ஓட்டத்தில் கிழிந்துவிடும். கிழிவது மிச்சமிருக்கும் ஒரே பிரிண்ட்டாகக்கூட இருக்கலாம். 1931இல் வந்த நம் முதல் பேசும்படங்களான 'காளிதாஸ்', 'ஆலம் ஆரா' இரண்டுக்குமே இன்று பிரிண்ட் இல்லை.

பிலிம் டின்னை வெளியே, நிழலில் வைத்துத் திறவுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். 1950களின் தொடக்கம் வரை தியேட்டரில் ஓடிய 35 மி.மீ. படங்கள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமில் வந்தன. அது எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். கெட்டுப்போன நைட்ரேட் 40 டிகிரியைத் தாண்டியதுமே தானாகப் பற்றிக்கொள்ளலாம். மே மாதத்தில் நம் ஊர்ப் பரணில் அந்தச் சூடு சாதாரணம். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் கிடங்கே தீப்பிடித்து, பழைய படங்கள் பல போய்விட்டன.

பிலிம் ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் பயமில்லை என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். நெகட்டிவில் இருந்த எழுத்து நைட்ரேட் பிரிண்ட்டிலும் பதிந்து வரும். படத்தின் வயதையும் பாருங்கள். சுருள் பிசுபிசுவென்று தேன் மாதிரி நுரைத்திருந்தாலோ, பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ கையே வைக்காதீர்கள். தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள். பஸ் பார்சலில் போட்டுவிடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் பிலிம், அதாவது 'சேஃப்டி' வகை, கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது. தீ அபாயம் குறைவு, ஆனால் இந்தக் கெடுதல் நோய் மாதிரி பக்கத்துச் சுருளுக்கும் தொற்றும். உடனே மற்ற சுருள்களிலிருந்து பிரித்து, வீட்டிலேயே குளுமையான, ஈரமில்லாத அறையில் படுக்கவைத்து அடுக்குங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி மூடினால் அந்த ஆவி உள்ளேயே சுற்றிப் பிலிமைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அடுத்து, இது என்ன படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தை மட்டும் பிடித்து, தொடக்கத்தில் சில அடியைக் கையால் பிரித்தால் போதும். முதல் ரீல் இருந்தால் சென்சார் சர்டிபிகேட் வரும். படத்தின் பெயர், நீளம், எத்தனை ரீல் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். 35 மி.மீ.யில் 1,000 அடி என்பது ஏறக்குறைய 11 நிமிடம். சர்டிபிகேட் 15,000 அடி என்று சொல்லி, உங்களிடம் இரண்டு டின்தான் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். மற்ற ரீல்கள் வேறு ஊரில் இருக்கலாம். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், விநியோகக் கணக்கு நோட்டு கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். டின் மேல் ஒட்டிய சீட்டை உரிக்காதீர்கள்.

கொடுக்க வேண்டிய இடம் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். 1964இல் தொடங்கியது. அங்கே பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து படம் சேர்த்தார். 1933இல் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படம் அங்கே போய்ச் சேர்ந்த கதை எனக்குப் பிடிக்கும். அதன் மூல நாவலின் உரிமை வழக்கில் சிக்கி, அதிகம் ஓடாமல் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையில் முடங்கிக் கிடந்தது. 1974இல் காப்பகம் வாங்கிக்கொண்டது. நன்றாக ஓடிய படங்களோ தேய்ந்து, கடைசியில் பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுக்க உருக்குபவர்களிடம் போயின.

கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: இது நன்கொடையா, பாதுகாப்புக்கு வைப்பதா? ஸ்கேன் செய்தால் உங்களுக்கு ஒரு பிரதி உண்டா? பெட்டி உங்களுடையது என்பதால் படத்தின் உரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. நம் சட்டப்படி வெளியானதற்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் வரை காப்புரிமை உண்டு. அது முடியும் முன் யூடியூபில் ஏற்ற வேண்டும் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

சுவரில் ஓட்டி அதைக் கேமராவில் பிடித்துத் தருகிற கடைகளிடம் கொடுக்காதீர்கள். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர் இருக்கிறதா, 2கே தரமாவது (படத்தின் அகலத்தில் சுமார் 2,000 புள்ளிகள்) வருமா என்று விசாரியுங்கள். திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் 'மழை' என்று சொல்லும் கீறல்களில் பாதி அதிலேயே மறையும். டிஜிட்டல் பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள், ஆனால் ரீலைக் கடாசிவிடாதீர்கள். குளிர்ந்த அறையில் பிலிம் நூறு வருடம் தாங்கும். ஹார்ட் டிஸ்க் பத்து வருடம் தாங்கினாலே பெரிய விஷயம்.

கல்யாணம், திருவிழா என்று வீட்டிலேயே எடுத்த 8 மி.மீ., 16 மி.மீ. சுருளுக்கும் இதே வழிதான். அவை பொதுவாக நைட்ரேட்டாக இருக்காது. ஸ்கேன் வந்ததும் வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, யார் யார் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை டின்னுக்குள் போட வேண்டாம், ஈரம் இழுக்கும். வெளியே ஒரு உறையில் வையுங்கள்.