புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீர்க் கசிவா? பயிற்சியை இப்படி ஆரம்பியுங்கள்

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக எடுத்தவர்களில் பலருக்கு, சிறுநீர் வெளியேறப் போட்டிருந்த டியூபைக் கழற்றிய அன்றே ஒரு சங்கடம் ஆரம்பிக்கும். படுத்திருந்தால் ஒன்றுமில்லை, எழுந்து நின்றால் வேட்டி நனைகிறது. சிறுநீர்ப்பையின் வாயை நாம் அறியாமலே மூடிவைத்திருந்த தசை அறுவையில் சேதப்படுவதால் வரும் தொல்லை இது. இனி அதற்குக் கீழே, நாமாக இறுக்கக்கூடிய தசைதான் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும்.

1. டியூப் இருக்கும் ஒன்றிரண்டு வாரமும் பயிற்சி வேண்டாம். அறுவைக்கு இனிமேல்தான் தேதி என்றால், இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

2. தசையைக் கண்டுபிடியுங்கள். நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவோமே, அந்த இறுக்கம். கூடவே ஆண்குறியை உள்ளே இழுப்பதாக நினையுங்கள். கண்ணாடி முன் நின்றால் குறி லேசாக உள்ளே போவதும், விதைப்பை கொஞ்சம் மேலே எழுவதும் தெரியும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கவும் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது வேண்டாம், பை முழுசாகக் காலியாகாது.

3. இரண்டு மூன்று விநாடி இறுக்கம், அதே அளவு தளர்வு. இப்படி 10 முறை, தினம் மூன்று வேளை. மெல்ல 10 விநாடி வரை ஏற்றலாம். முதலில் படுத்து, அப்புறம் உட்கார்ந்து, பிறகு நின்று. ஆர்வக்கோளாறில் நூறு முறை செய்தால் தசை களைத்து, சாயங்காலம் கசிவு கூடும்.

4. என்னைக் கேட்டால் பலத்தைவிட முக்கியம் நேரம். தினமும் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு, இருமும்போது மறந்துவிட்டால் என்ன பயன்? தும்மல் வருகிறதா, முதலில் இறுக்கம், அப்புறம் தும்மல். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் இறுக்குங்கள். நேராக நிற்கும்வரை விடாதீர்கள்.

5. அவசரம் வந்தால் கழிப்பறைக்கு ஓடாதீர்கள். அப்படியே நின்று, ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். உந்துதல் தணிந்ததும் நடந்து போங்கள்.

6. எப்போது என்ன குடித்தீர்கள், எப்போது கசிந்தது என்று மூன்று நாள் தொடர்ந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். “6.40, காபி. 7.15, படி இறங்கும்போது கசிவு.” இவ்வளவு போதும், எங்கே இறுக்க மறக்கிறீர்கள் என்று அதுவே காட்டிவிடும். பயந்துகொண்டு தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்து எரிச்சல்தான் கூடும், மலச்சிக்கலும் சேரும். குறைக்க வேண்டியது காபியும் டீயும்.

பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். ஆபரேஷன் முடிந்து வருஷமாகிவிட்டதே என்பவர்களும் ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் 1 முதல் 17 ஆண்டுகள் ஆகியும் கசிவு நிற்காத 208 ஆண்கள் சேர்ந்தார்கள். 8 வாரம் இந்த மாதிரிப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கசிவு சராசரியாக 55 சதவீதம் குறைந்தது, பெறாதவர்களுக்கு 24.

காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீர் போகவே முடியாத நிலை இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே அறுவை செய்த டாக்டரிடம் போய்விடுங்கள்.