பழைய குங்ஃபூ படங்களைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தக் குழிகளில் விழாதீர்கள்

போன மாதம் எங்கள் திரைப்படச் சங்கத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், திரையிடலுக்கு முன் வாசலில் கொடுக்கும் குறிப்பை எழுதிக்கொண்டு வந்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. 15 வருடத்துக்கு முன் நான் எழுதியதேதான். ஆண்டு தவறு, பெயர்ப் பிழை எல்லாம் விடுங்கள். அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் விட்டுவிடும் குழிகள்தான் கீழே இருப்பவை.

எல்லாரையும் 'சீனர்' என்று எழுதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. என் கையைச் சுட்டதும் இதுதான். 1972-இல் வந்த 'கிங் பாக்சர்' படத்துக்கு, "அசல் சீனர்கள் எடுத்த அசல் சீனப் படம்" என்று எழுதி 200 பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். படம் முடிந்ததும் ஒரு பெரியவர் அந்தத் தாளை மடித்துக்கொண்டே வந்தார். "டைரக்டர் கொரியாக்காரர். ஹீரோ பொறந்தது இந்தோனேசியா. இதுல எது தம்பி அசல்?" என்றார். எனக்கு வாய் எழவில்லை.

இயக்குநர் என்று டைட்டிலில் இருந்த பெயர் செங் சாங்-ஹோ. சீனர் என்றே எடுத்துக்கொண்டேன். கொரியாவில் அவர் சுங் சாங்-வா. சீன எழுத்தில் இரண்டும் ஒரே பெயர்தான், வாசிப்பு மட்டும் வேறு. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் வாசித்ததும் ஆளே சீனராகிவிட்டார்! நாயகன் லோ லியே சுமத்ராவில் பிறந்தவர். 1978-இல் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தில் ஜாக்கி சானைக் காலாலேயே புரட்டியெடுக்கும் ஹுவாங் ஜாங்-லீயும் கொரியர்தான்.

குரல் விஷயம் இன்னும் மோசம். ஹாங்காங் தெருவில் பேசுவது கான்டனீஸ். 'கிங் பாக்சர்' எடுத்த ஹாங்காங் ஸ்டுடியோவான ஷா பிரதர்ஸின் சண்டைப் படங்கள் பேசியது மாண்டரின், அதுவும் பின்னால் டப்பிங் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் கான்டனீஸ் படம் கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. 1973-இல் 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' ஓடிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. (அதை எடுத்ததும் ஷா பிரதர்ஸ்தான், அது வேறு கதை.) நானோ 'கிங் பாக்சர்' குறிப்பில் "ஹாங்காங் மக்களின் குரல்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன்.

போதிதர்மர்

குங்ஃபூவைச் சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே போதிதர்மர்தான் என்று காஞ்சிபுரத்தை இழுக்காதீர்கள். குங்ஃபூவை அவரோடு முடிச்சுப் போடும் நூலே 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

பெண்கள் பிற்பாடுதான் வந்தார்கள் என்பது

எல்லாரும் 1980-களில் சண்டைப் படங்களுக்கு வந்த மிஷெல் யோவிடமிருந்து ஆரம்பிக்கிறார்கள். 1966-லேயே 'கம் ட்ரிங்க் வித் மீ' படத்தில் செங் பெய்-பெய் சத்திரத்தில் தனியாளாக ஒரு கும்பலைச் சமாளிக்கிறார். பாலே கற்றவர் என்பது அவர் அடி எடுத்து வைப்பதிலேயே தெரியும். அதற்காக ஒரேயடியாகப் பூரித்துவிடவும் வேண்டாம். அவர் மீது விஷம் பாய்ந்த பிறகு படம் மெல்லக் குடிகார நாயகன் கைக்குப் போய்விடுகிறது, கடைசிச் சண்டை உட்பட.

தலை எண்ணுவது

படத்தில் ஒரு ஆள் இருந்தாலே போதும் என்று கணக்கை முடிப்பதும் குழிதான். 'என்டர் தி டிராகன்' (1973) படத்தில் கறுப்பின நாயகனாக ஜிம் கெல்லி இருக்கிறார், சரி. அமெரிக்கத் தெருவில் மடக்கும் இரண்டு வெள்ளைக்காரப் போலீஸ்காரர்களை அடித்துப்போட்டு, அவர்கள் காரிலேயே கிளம்பிப் போகிறார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காட்சி. அப்புறம்? மூன்று நாயகர்களில், சண்டைப் போட்டி நடக்கும் தீவிலிருந்து உயிரோடு திரும்பாதவர் அவர் மட்டும்தான்.

தம்பியின் குறிப்பில் ஜிம் கெல்லிக்கு ஒரு முழுப் பத்தி இருந்தது. இந்தச் சாவு மட்டும் அதில் இல்லை. சொன்னதும் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.