நெக்-த்ரூவா, போல்ட்-ஆனா? வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்கும் முறை

ஹெவி ராக் வாசிப்பவர்கள் புது கிட்டார் தேடும்போது என்னிடம் முதலில் கேட்பது, "எதில் சஸ்டெய்ன் (மீட்டிய சுரம் நீண்டு ஒலிப்பது) அதிகம்?" என்பதுதான். கிட்டாரின் நெக் (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் நீண்ட கழுத்து) பாடியோடு சேரும் முறைதான் நெக்-த்ரூ, போல்ட்-ஆன். இந்த இரண்டு வகையையும் பல வருடங்கள் வாசித்த பிறகு அந்தக் கேள்வியை நான் கடைசியில்தான் வைக்கிறேன். முதலில் பிரிட்ஜை, அதாவது பாடியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கி அவற்றின் உயரத்தைத் தீர்மானிக்கும் பாகத்தை, பாருங்கள்.

காரணம் சொல்கிறேன். போல்ட்-ஆனில் பாடியில் வெட்டிய குழிக்குள் நெக் உட்கார்ந்து, பெரும்பாலும் 4 ஸ்க்ரூவில் நிற்கிறது. 1950-இல் ஃபெண்டர் நிறுவனம் தன் எலெக்ட்ரிக் கிட்டார்களில் கொண்டுவந்த முறை இது. நெக்-த்ரூவில், நெக் மரமே பாடியின் அடிவரை ஓடும். இரண்டு பக்கமும் சிறகு மாதிரி மரத்தை ஒட்டியிருப்பார்கள். 1963-இல் வந்த கிப்ஸன் ஃபயர்பேர்ட் அப்படித்தான். ஆக, நெக்-த்ரூவில் நெக்கின் கோணம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு யாராலும் எளிதில் மாற்ற முடியாது.

என் முதல் நெக்-த்ரூவை வாங்கும்போது சேடில்கள் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும், ஏற்றி இறக்கக்கூடிய துண்டுகள்) ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தன. நான் கவனிக்கவில்லை. சில மாதங்களில் மேல் ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பாடிக்கு அருகே உள்ளவை) ஸ்ட்ரிங் உயர்ந்துவிட்டது. நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பினேன். வளைவு சரியானது, உயரம் குறையவில்லை. ட்ரஸ் ராட் வளைவைத்தான் மாற்றும், கோணத்தை அல்ல. சேடிலை இன்னும் இறக்கவும் இடமில்லை. மிகவும் நேசித்த கிட்டார் அது, விட்டுவிட வேண்டியதாயிற்று. இதே கோளாறு என் போல்ட்-ஆனில் வந்தபோது, நெக்குக்கு அடியில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்து அரை மணி நேரத்தில் சரிசெய்தேன்.

அதனால் எந்தக் கிட்டாரானாலும், நீங்கள் வாசிக்கப் போகிற ட்யூனிங்கிலேயே வைத்து, 12-வது ஃப்ரெட்டில் தடித்த ஸ்ட்ரிங்கின் உயரத்தை அளந்து பாருங்கள். சுமார் 2 மி.மீ. இருக்கும்போது சேடிலுக்குக் கீழே இன்னும் இறங்க இடம் இருக்க வேண்டும். நெக்-த்ரூவில் அது இல்லையென்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்து கை. உட்கார்ந்து வாசித்துப் பார்த்தால் போதாது; ஸ்ட்ராப் போட்டு நின்று, 20-க்கு மேலுள்ள ஃப்ரெட்டுகளில் முழு டோன் பெண்ட் செய்து (ஸ்ட்ரிங்கைத் தள்ளிச் சுருதியை ஏற்றி) பிடியுங்கள். கட்டைவிரல் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். நெக்-த்ரூ உண்மையாகவே ஜெயிக்கிற இடம் இது. நெக் முடிந்து பாடி தொடங்குவதே கைக்குத் தெரியாது. ஆனால் போல்ட்-ஆன் எல்லாம் ஒன்றல்ல. ஃபெண்டரின் பழைய ஸ்ட்ராட்டில் நெக் பாடியோடு சேரும் சதுர ஹீல் உள்ளங்கையில் இடிக்கும். இப்போது வரும் ஐபனேஸ் ஆர்ஜி கிட்டார்களில் அந்த இடத்தைச் செதுக்கி உருட்டியிருப்பார்கள், கை தாராளமாகப் போகிறது.

போல்ட்-ஆன் என்றால் இணைப்பையும் சோதியுங்கள். பாடியை அணைத்துக்கொண்டு ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் நுனியில் ட்யூனிங் முறுக்காணிகள் இருக்கும் தலை) பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தாலோ, ஓரத்து இ ஸ்ட்ரிங் ஃப்ரெட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்து அங்கேயே நின்றாலோ நெக் சரியாக உட்காரவில்லை.

சரி, இப்போது சத்தம். முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். அப்புறம் ஒரே ஆம்பில், ஒரே செட்டிங்கில். ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றில் பேட்டரியில் இயங்கும் இஎம்ஜி 81, இன்னொன்றில் பேட்டரி இல்லாத சாதாரண பாஸிவ் ஹம்பக்கர் என்று இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது பிக்கப்பைத்தான், நெக்கை அல்ல. ஸ்கேல் நீளமும் (ஸ்ட்ரிங்கின் அதிரும் பகுதியின் நீளம்) ஒன்றாக இருக்கட்டும். தடித்த ஸ்ட்ரிங்கை சி சுரம் வரை இறக்கி வாசிக்கும்போது 25.5 அங்குலத்துக்கும் 24.75-க்கும் உள்ள வித்தியாசம், நெக் இணைப்பின் வித்தியாசத்தைவிட நன்றாகவே விரலில் தெரியும். உள்ளங்கை ஓரத்தால் ஸ்ட்ரிங்கை அமுக்கி வாசிக்கும் பாம் ம்யூட் ரிஃப்பில் போல்ட்-ஆனின் தாக்கம் கொஞ்சம் கூர்மையாக எனக்குக் கேட்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துச் சொல்ல மாட்டேன். சஸ்டெய்ன் க்ளீன் டோனில் வேண்டுமானால் பிரித்துக் கேட்கலாம். டிஸ்டார்ஷனை ஏற்றியதும் ஆம்ப் சத்தத்தை அழுத்தி நீட்டிவிடுகிறது, வித்தியாசம் கரைந்துவிடும். புகழ்பெற்ற ராக் கிட்டாரிஸ்டுகள் ரிச்சி பிளாக்மோரின் ஸ்ட்ராட்டும், எடி வான் ஹேலன் தானே சேர்த்துக் கட்டிய ஃபிராங்கன்ஸ்ட்ராட்டும் போல்ட்-ஆன்தான்.

ஒரே ஒரு கிட்டார் வைத்து, அடிக்கடி ட்யூனிங்கும் ஸ்ட்ரிங் தடிமனும் மாற்றுபவர் என்றால் போல்ட்-ஆன் எடுங்கள். நெக் உடைந்தாலும் வேறு நெக் மாட்டலாம். பாதி நேரம் சோலோவில், அதுவும் 17-வது ஃப்ரெட்டுக்கு மேலேயே இருப்பவர் என்றால் நெக்-த்ரூ தரும் சுகத்துக்கு ஈடில்லை.

போல்ட்-ஆன் எடுப்பவர்களுக்கு ஒன்று: நெக்கைக் கழற்றும் முன் ஸ்ட்ரிங்குகளை முழுக்கத் தளர்த்துங்கள். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முதலில் கையால் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். பழைய புரியில் 'டக்' என்று விழும். அதற்குப் பிறகு முறுக்குங்கள்.