டாங்கோ கற்க ஆசையா? முதலில் நடக்கப் பழகுங்கள்

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸின் பெல்கிரானோ பகுதியில் பர்ராங்காஸ் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அதில் நாலு பக்கமும் திறந்த வட்ட மண்டபம் ஒன்று. ஊர்க்காரர்கள் அதை 'லா க்ளோரியெத்தா' என்கிறார்கள். சாயங்காலங்களில் அங்கே டாங்கோ என்ற ஜோடி நடனம் ஆடுவார்கள். வேலைக்காக அந்த ஊரில் இருந்தபோது ஒருநாள் அங்கே போய் நின்றேன். எழுபதைத் தாண்டிய ஒரு ஜோடி என்னைக் கடந்து போனது. காலை வீசவில்லை, சுழலவில்லை. நடந்தார்கள். பாட்டு தயங்கிய இடத்தில் தயங்கினார்கள், மறுபடி நடந்தார்கள். அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். மேடை டாங்கோவை மட்டுமே பார்த்திருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்றைக்குப் பார்த்த நடையைத்தான் இன்னமும் கற்றுக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் ஒரு டாங்கோ வகுப்பு இருந்தால், இந்த வரிசையில் தொடங்கிப் பாருங்கள்.

முதல் படி: காது

வகுப்பில் சேர இரண்டு வாரம் இருக்கும்போதே பாட்டுக் கேட்கத் தொடங்குங்கள். ஆட்டத்துக்கு இன்றும் போடுகிறவை பெரும்பாலும் 1930களின் நடுவிலிருந்து 1950கள் வரை பதிவானவை. முதலில் ஹுவான் தாரியென்சோவின் இசைக்குழு. 'தாளத்தின் ராஜா' என்றே அவருக்குப் பட்டம். 1935இல் ரொடோல்ஃபோ பியாஜி பியானோவில் உட்கார்ந்த பிறகு அந்தக் குழுவின் தாளம் அவ்வளவு துல்லியமாக விழும், புதியவருக்கும் தப்பாது. அடுத்து கார்லோஸ் தி சார்லி. மேலே வயலின்கள் நீளமாக இழுக்க, கீழே தாளம் நிதானமாகப் போகும். நடை பழக அவரைவிட நல்ல துணை கிடையாது. அனிபால் த்ரோய்லோவையும் ஒஸ்வால்டோ புக்லியேசேயையும் கேளுங்கள், ஆனால் ஆட அவசரப்படாதீர்கள். புக்லியேசே தாளத்தை இழுத்தும் விட்டும் வாசிப்பார், புதியவர்களின் கால் அதில் தொலைந்துபோகும்.

கேட்கும்போது கை தட்டுங்கள். நாலு எண்ணினால் ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தம் விழும். அந்த இரண்டில்தான் கால் வைக்க வேண்டும். வால்ஸ் என்ற வகை மூன்று மூன்றாக ஓடும், அதில் ஒன்றுக்கு மட்டும் ஓர் அடி. மிலோங்கா என்ற வேகமான வகை பிறகு வரட்டும். (டாங்கோ ஆடக் கூடும் நிகழ்ச்சிக்கும் மிலோங்கா என்றுதான் பெயர், குழம்ப வேண்டாம்.)

இரண்டாம் படி: தனியாக நடப்பது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஹாலில் எட்டு அடி நடக்க இடமிருந்தால் போதும். சாக்ஸ் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள், முழங்காலை விறைக்காதீர்கள். முழு எடையும் வலது காலில் இருக்கட்டும். இப்போது நெஞ்சு ஒரு விரற்கடை முன்னே போகட்டும், அதன் பிறகு இடது கால். கால் தரையில் பட்டதும் எடையை முழுவதுமாக அதன்மேல் ஏற்றுங்கள். ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பின்னாலிருக்கும் காலைத் தரையிலிருந்து தூக்குங்கள். உடம்பு ஆடினால் பாதி எடை இன்னும் பின்னாலேயே நிற்கிறது என்று அர்த்தம். டாங்கோவில் எந்த நேரமும் எடை ஒரு காலில்தான். உங்கள் எடை எந்தக் காலில் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் உங்களை அணைத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பின்னோக்கி நடப்பது இன்னும் நுணுக்கமானது. காலை இடுப்பிலிருந்து நீட்டுங்கள், முதலில் விரல் நுனி தரையைத் தேடட்டும், பிறகு பாதம், கடைசியில் குதிகால். தினமும் தி சார்லி பாட்டு மூன்றுக்கு இப்படி நடந்தால், ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாம் படி: அப்ராசோ

ஸ்பானிய மொழியில் அப்ராசோ என்றால் அணைப்பு. ஜோடியில் ஒருவர் நடத்துவார், மற்றவர் தொடர்வார். நடத்துபவரின் வலக்கை, தொடர்பவரின் முதுகைச் சுற்றும். தொடர்பவரின் இடக்கை, நடத்துபவரின் தோளிலோ மேல்முதுகிலோ படியும். மற்ற இரு கைகளும் கோத்துக்கொள்ளும், ஆனால் பிடித்துத் தள்ளுவதற்கு அல்ல. செய்தி போவது நெஞ்சு வழியாக.

முன்பின் தெரியாதவரை அணைப்பதில் நம்மில் பலருக்குக் கூச்சம் இருக்கும். எனக்கும் இருந்தது. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்ட திறந்த அணைப்பில் தொடங்கலாம். நெருக்கம் எவ்வளவு என்பது இருவரும் சேர்ந்து முடிவு செய்வது. தள்ளி நிற்க விரும்புகிறவரின் விருப்பமே செல்லும். குளித்துவிட்டுப் போங்கள், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

வகுப்பில் ஜோடி மாற்றச் சொல்வார்கள். மாறுங்கள். பத்துப் பேருடன் நடந்தால் பத்து விதமான உடம்பைக் கேட்கப் பழகுவீர்கள். முடிந்தால் நடத்தவும் தொடரவும் இரண்டுமே கற்றுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மூன்றே அசைவுகள்

பல இடங்களில் எட்டு அடிகளை எண்ணி வைக்கும் பாடம் ஒன்றைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். அதன் வழக்கமான வடிவத்தில் முதல் அடியே நடத்துபவர் பின்னால் எடுத்து வைப்பது. கூட்டமான தளத்தில் அது பின்னால் வருகிற ஜோடியின் காலை மிதிக்கும். அந்த முதல் அடியை விட்டுவிட்டுப் பக்கவாட்டு அடியில் தொடங்குங்கள்.

மூன்று அசைவுகளில் முதலாவது, எடை மாற்றம்: இருந்த இடத்திலேயே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு. கேட்கச் சாதாரணம், ஆனால் இருவரும் ஒரே கணத்தில் மாற்றும்போது கிடைக்கும் சுகம் தனி. இரண்டாவது, க்ருசாதா: தொடர்பவர் பின்னே நடந்து வந்து, இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைப்பது. மூன்றாவது, ஒச்சோ. ஸ்பானிய மொழியில் எட்டு என்று பொருள். தொடர்பவரின் கால் தரையில் 8 வரைவதால் அந்தப் பெயர். முழு எடையும் ஒரு காலின் முன்பாதத்தில் ஏறிய பிறகுதான் திரும்ப வேண்டும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும், முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். தோல் அடிப்பாகம் உள்ள காலணி நல்லது.

ஐந்தாம் படி: மிலோங்காவுக்குப் போவது

அதற்கு முன்னால் சில வாரம் பிராக்திகாவுக்குப் போங்கள். அது பயிற்சிக் கூடுகை. அங்கே நிறுத்தலாம், கேட்கலாம், திருத்திக்கொள்ளலாம். மிலோங்காவில் தளத்தின்மேல் பாடம் நடத்தக் கூடாது.

மிலோங்காவில் பாட்டுகள் தாண்டா தாண்டாவாக வரும். ஒரு தாண்டா என்றால் பொதுவாக ஒரே குழுவின் டாங்கோ நாலு. வால்ஸ், மிலோங்கா என்றால் மூன்று. இடையில் சம்பந்தமே இல்லாத ஓர் இசைத்துணுக்கு ஒலிக்கும், அது கொர்த்தினா, அதாவது திரை. அப்போது எல்லாரும் இடத்துக்குத் திரும்புவார்கள்.

அழைப்பது வாயால் அல்ல, கண்ணால். இருந்த இடத்திலிருந்தே பார்ப்பீர்கள். அவரும் பார்த்தால் லேசாகத் தலையசைப்பீர்கள், அவரும் அசைத்தால் சம்மதம். இதுதான் கபேசெயோ. விருப்பமில்லாதவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினால் போதும். யாரும் வாய்விட்டு மறுக்க வேண்டியதில்லை, யாரும் அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு நெருங்கி ஆடும் கூட்டத்தில் இந்த ஏற்பாடு எத்தனை பெரிய பாதுகாப்பு என்பது போகப்போகத்தான் எனக்குப் புரிந்தது.

தளத்தில் எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். உள்ளே நுழையும்முன் எதிரே வரும் நடத்துபவரின் கண்ணைப் பாருங்கள், அவர் இடம் விட்டதும் நுழையுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கினால் உடனே பாய வேண்டாம். சில விநாடி நின்று பேசிவிட்டு, சுற்று நகரும்போது நகருங்கள்.

'கிராசியாஸ்' என்ற நன்றியைத் தாண்டா முடியும்வரை சொல்லாதீர்கள். முதல் பாட்டு முடிந்ததும் மரியாதைக்காக அதைச் சொன்னேன். 'போதும்' என்று அதற்குப் பொருள். ஆடிக்கொண்டிருந்த பெண்மணி தலையசைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். அவர் மனம் நொந்திருக்கும் என்று அன்றிரவு முழுக்க எனக்கு வருத்தம். அடுத்த வாரம் அவரைத் தேடிப்போய் விளக்கினேன். சிரித்து, ஒரு முழு தாண்டா ஆடினார்.

இரவின் கடைசியாக 'லா கும்பார்சித்தா' என்ற பாட்டைப் போடுவது வழக்கம். அதற்கு முந்தைய கொர்த்தினாவிலேயே யாருடன் ஆட வேண்டுமோ அவரைக் கண்ணால் தேடிவிடுங்கள்.