பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஜிஸ்ட்' என்று வந்திருக்கிறதா?

ஜிஸ்ட் (GIST) என்பது இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைக் கட்டி. இது நாம் அடிக்கடி கேள்விப்படுகிற இரைப்பைப் புற்றுநோய் இல்லை. அது உள்சவ்வில் தொடங்கும். ஜிஸ்ட், குடல் சுவரின் தசைக்குள் இருந்துகொண்டு சாப்பாட்டை நகர்த்தும் அசைவுக்குத் தாளம் கொடுக்கிற கஹால் செல்களோடு தொடர்புடையது. வழக்கமான கீமோ இதற்குப் பெரும்பாலும் பலிக்காது, அதனால் சொந்தக்காரர்கள் சொல்லும் கீமோ கதைகளைக் கேட்டுக் கலங்காதீர்கள்.

ரிப்போர்ட்டை நீங்களே ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர், இரைப்பையிலா சிறுகுடலிலா, 5 சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருந்தன (மைட்டோசிஸ் என்று எழுதியிருப்பார்கள்), கட்டி உடைந்ததா? திரும்ப வரும் ஆபத்தை டாக்டர் கணிப்பது இவற்றை வைத்துத்தான். ஒரே அளவுக் கட்டி சிறுகுடலில் இருந்தால் இரைப்பையில் இருப்பதைவிட ஆபத்து கூடுதல்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. இதற்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரை தொடங்கும் முன்பே இதைக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். கிட் (KIT) என்ற மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் மாற்றம் என்றால் இமாட்டினிப் 400 மில்லிகிராம் நன்றாகவே வேலை செய்யும். எக்ஸான் 9 என்றால் கட்டி பரவிய நிலையில் 800 வரை ஏற்றுவார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ (PDGFRA) என்ற இன்னொரு மரபணுவில் டி842வி (D842V) என்ற மாற்றம் என்றால் இமாட்டினிப் பலன் தராது, அதற்கு 2020-இல் வந்த அவாப்ரிட்டினிப் என்ற வேறு மாத்திரை இருக்கிறது. இது தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஆபரேஷனுக்குப் பிறகு, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இமாட்டினிப் மாத்திரை குறைந்தது 3 வருடம். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்குங்கள், இல்லாவிட்டால் குமட்டும். எங்கள் அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் கண் இமை இரண்டும் அழுது முடித்த மாதிரி வீங்கியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கட்டி இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு முதல் ஸ்கேனில் அது சுருங்காமல், சில சமயம் கொஞ்சம் பெரிதாகக்கூடத் தெரியும். உள்ளே செத்து நீர்கோத்தாலும் அப்படித்தான் தெரியும், அதனால் அளவோடு அடர்த்தியும் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் மலத்தின் நிறம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தான் போகும். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டி, வாடை தூக்கலாக, கூடவே தலைசுற்றலும் இருந்தால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.